கொடுமுடியில் பிறந்த குரல்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். பம்ப், வால்வு என்று எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டி விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு நடிகையைப் பற்றி எழுதுகிறேன். சினிமா என்றவுடன் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் சொல்ல வந்தது வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, வெண்கலக் குரல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி.

'கே' என்பது கொடுமுடி. 'பி' என்பது பாலாம்பாள், அவருடைய தாயார். 1908-ல் காவிரிக் கரையில் பிறந்த இவர் சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். குடும்பத்தில் வறுமையோ வறுமை. ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் சும்மா விடுவார்களா? வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஆண் வேடம், பெண் வேடம் இரண்டிலும் வெளுத்துக் கட்டினார்.

இங்கே ஒரு சின்ன இன்ஜினியரிங் கணக்கு. கோபித்துக் கொள்ளாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் குறையும். பத்தடியில் நிற்பவனுக்குக் கேட்பதை விட நூற்றறுபது அடியில் நிற்பவனுக்கு 24 டெசிபல் குறைவு. அந்தக் காலக் கொட்டகையில் மைக் ஏது, ஆம்ப்ளிஃபயர் ஏது? கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும், வார்த்தை புரியவும் வேண்டும். அதை விடிய விடியச் செய்தாக வேண்டும். உச்ச சுருதியில் பாடினாலும் சொல் சிதையாத அந்தக் குரல் இப்படிப்பட்ட பட்டறையில்தான் அடித்து எடுக்கப்பட்டது.

1926-ல் இலங்கையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். அந்த ஜோடிக்குக் கூட்டம் அலை மோதியது. மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சாதியும் வேறு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபத்தில் இருவரும் பிரிந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஒரு கதாநாயகி இப்படி முடிவெடுத்தால் தொழில் அதோடு சரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவருடைய சினிமா வாழ்க்கையே அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது!

பேசும் படம் புதிதாக வந்திருந்த நேரம். 'நந்தனார்' எடுக்க வந்தார்கள். 1935-ல் வெளிவந்த அந்தப் படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்துப் பவுன் விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். பின்னணிப் பாட்டு வராத காலம் அது. கேமரா ஓட ஓட, நடித்துக்கொண்டே பாட வேண்டும். மேடையில் பழகியவருக்கு அதில் சிரமமில்லை. ஆனால் படம் எடுபடவில்லை. அதில் மரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி கிண்டல் செய்து எழுதினார். அம்மையார் அதற்கெல்லாம் துவண்டு போகவில்லை.

1940-ல் 'மணிமேகலை'. அப்புறம் பதின்மூன்று வருஷ இடைவெளி. 1953-ல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி தயாரிப்பாக 'ஔவையார்' வந்தது. தமிழ்நாடே ஔவைப் பாட்டியை இவர் முகத்தில் பார்த்தது. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். அம்மையார் பழுத்த காங்கிரஸ்காரர், சத்தியமூர்த்தியோடு மேடை ஏறிக் கதர்ப் பிரசாரம் செய்தவர். வசனம் எழுதியவரோ மு. கருணாநிதி. கட்சி வேறாக இருந்தாலும் கலைக்கு அது குறுக்கே நிற்கவில்லை. 1965-ல் 'திருவிளையாடல்', 1967-ல் 'கந்தன் கருணை', இரண்டிலும் மறுபடி ஔவை. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்'. மொத்தமாகப் பார்த்தால் படங்கள் பத்துப் பன்னிரண்டுதான் தேறும்.

இதற்கு நடுவே 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சினிமாக்காரர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை என்பார்கள். 1969-ல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்கு, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டியாகி விட்டது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

இவரைப் பற்றிப் பேசும்போது பலரும் அந்த வெள்ளைச் சேலையோடு நிறுத்தி விடுகிறார்கள். பதிபக்தி, தவ வாழ்க்கை என்று புகழ்ந்துவிட்டுப் போய் விடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் பெண் பொறியாளர் ஒருவர், கணவர் இறந்து மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கேன்டீனில் பேச்செல்லாம் அவர் கட்டி வந்த சேலையின் நிறத்தைப் பற்றித்தான். ஒரு வாரமாக நின்று கிடந்த பாய்லர் கண்ட்ரோலை வந்த இரண்டாம் நாளே அவர் ஓட வைத்ததைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் 25 வயது விதவை என்றால் மூலையில் உட்கார வைத்து விடுவார்கள். சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார், ஆனால் மூலையில் உட்காரவில்லை. தன் துக்கத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டார், தொழிலையும் தன் நிபந்தனைப்படி செய்தார். நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார் என்று வரிசையைப் பாருங்கள். ஒன்றிலாவது காதலனோடு டூயட் பாடும் வேலை உண்டா? அவருக்காகப் படவுலகம்தான் வளைந்து கொடுத்தது. சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார்.

நாங்கள் படித்தபோது எங்கள் வகுப்பில் பெண்களை விரல் விட்டு எண்ணி விடலாம். இப்போது லேபில் பாதிப் பேர் பெண்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சம்பளம் பேசக் கூச்சப்படாதீர்கள். எது நம்மால் முடியும், எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் முதல் நாளே சொல்லி விடுங்கள். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத கொடுமுடிப் பெண் ஒருவர் 1935-லேயே இரண்டையும் பேசி முடித்திருக்கிறார். டிகிரி வாங்கிய நமக்கு என்ன தயக்கம்?