தேசிங்குராஜனும் பாராசாரியும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவன் தேசிங்குராஜன். அவனோடு சேர்ந்தே வருவது அவன் குதிரை பாராசாரி.

வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திர மரபினன். தந்தை சொரூப் சிங், 1700ஆம் ஆண்டு ஔரங்கசீப்பால் செஞ்சிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர். தந்தைக்குப்பின் கோட்டை மகன் வசமாயிற்று. கப்பப் பாக்கி கேட்ட ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்கு அவன் பணியவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் நாள், செஞ்சிக்கு அருகே நடந்த போரில் வீழ்ந்தான். அப்போது வயது 22. உயிர்த்தோழன் மகபத்கானும் அதே களத்தில் மாண்டான். தேசிங்கின் மனைவி தீப்புகுந்தாள். அவள் நினைவாக எழுந்ததே இராணிப்பேட்டை என்பர். அவன் ஆண்டது ஓராண்டுகூட நிறையவில்லை. மக்கள் அவனைப் பாடுவதோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

கதைப்பாடல் கூறுவது இது: டில்லி பாதுஷாவிடம் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்தது. அதை அடக்க இயலாமல் தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். மகன் டில்லி சென்று குதிரையை அடக்கி, தந்தையை மீட்டு, அக்குதிரையையே பரிசாகப் பெற்று மீண்டான்.

தோள் வலிமையால்தான் அடக்கினான் என்று சிறுவயதில் நான் எண்ணினேன். என் தந்தையார் அதை ஒப்பவில்லை. செண்பகனூரில் வாழும் நாங்கள், கொடைக்கானல் ஏரிக்கரையில் அவர் நடத்தும் சவாரிக் குதிரையால் பிழைப்பவர்கள். குதிரை மிரள்வது திமிரால் அன்று, அச்சத்தால் என்பார் அவர். பேருந்தின் ஒலியோ, காற்றில் பறக்கும் காகிதமோ போதும். அப்போது அவர் அடிப்பதில்லை. அடித்தால் அச்சம் இரட்டிக்கும். சிறு வட்டமாக நடத்துவார், நிறுத்துவார், மீண்டும் நடத்துவார். குதிரையின் காது தம் பக்கம் திரும்பிவிட்டால் கருத்தும் திரும்பிவிட்டது என்று கடிவாளத்தைத் தளர்த்துவார். பிறகுதான் மிரட்டிய பொருளின் அருகே சிறிது சிறிதாகக் கொண்டுபோவார்.

மாவீரன் அலெக்சாந்தர் செய்ததும் இதுவே. புசிபலசு தன் நிழலைக் கண்டே மிரள்வதை அறிந்து, அதைக் கதிரவனை நோக்கித் திருப்பினான் என்கிறார் புளூட்டார்க்.

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை, ஏறக்குறைய சுற்றெங்கும் காண்பவை. காதுகள் தனித்தனியே திரும்புபவை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, விலங்கியல் வகுப்பில் இதைக் கற்றபோது எனக்கு வெட்கமாயிற்று. ஏரிக்கரைக்கு நண்பர்கள் வந்தபோது, தந்தையாரைக் காணாதவன்போல் நான் நடந்ததுண்டு.

வெடி முழங்கும் களத்தில், தன்னினும் பன்மடங்கு பெரிய படைக்குள் தேசிங்கு புகுந்தான். பாராசாரியும் புகுந்தது. சாட்டைக்கு அஞ்சிய குதிரை அங்குப் புகுமா? மேலிருந்தவனை நம்பிய குதிரையே புகும். நீலாம்பூண்டியில் மகபத்கானின் கல்லறைக்கு அருகே அதற்கும் ஒரு சமாதியை இன்றும் காட்டுகிறார்கள்.

நண்பர்களே, அடுத்தமுறை நீங்கள் கொடைக்கானல் வந்தால், ஏரியைக் காட்டுமுன் கடிவாளம் பிடித்து நிற்கும் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துவேன்.