ஆழிக்குமரன் ஆனந்தன்

ஆழிக்குமரன் ஆனந்தன் (மே 25, 1943 – ஆகத்து 6, 1984) இலங்கைத் தமிழ் நீச்சல் வீரரும் வழக்கறிஞரும் ஆவார். இவரது முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தமைக்காகவும் கின்னசு சாதனைகளுக்காகவும் அறியப்படுகிறார். கடல் நீச்சலில் இவர் பெற்ற புகழே "ஆழிக்குமரன்" என்ற அடைமொழியைப் பெற்றுத் தந்தது.

பின்னணி

இவர் யாழ்ப்பாண மாவட்டத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் பிறந்தார். இவ்வூரின் எதிர்க்கரையில் உள்ளது கோடியக்கரை. இது நெல் விளையும் காவிரிக் கழிமுகத்தின் தென்கிழக்கு முனையாகும். அக்காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. இரு கரையினரும் நெடுங்காலம் தோணிகளில் போக்குவரத்துச் செய்துவந்தனர்.

பாக்கு நீரிணை நீச்சல்

பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி (1954). ஆனந்தன் 1963 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு 42 மணி நேரத்தில் நீந்தினார். வங்காள விரிகுடாவுக்கும் பாக்கு விரிகுடாவுக்கும் இடையே பாயும் நீரோட்டங்கள் பருவத்திற்கேற்பத் திசை மாறுவதால், இங்கு நீந்துவோர் நேர்கோட்டுத் தொலைவைவிட அதிகம் நீந்த நேரிடும்.

மிகிர் சென் 1966 இல் தலைமன்னாரிலிருந்து தனுசுக்கோடிக்கு ஒருவழியாக நீந்தினார். ஆனந்தன் 1971 இல் அதே வழியில் சென்று, திரும்பவும் நீந்தி வந்தார். இவ்விருவழிப் பயணத்தை 51 மணி நேரத்தில் முடித்தார்.

பிற சாதனைகள்

நெடுநேரம் களைப்பைத் தாங்கும் ஆற்றலை இவர் நிலத்திலும் வெளிப்படுத்தினார்.

1979: கொழும்பில் 187 மணி 28 நிமிடம் இடைவிடாது மிதிவண்டி ஓட்டினார்.
1980: கொழும்பில் 33 மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார்.
1981: சென்னை மெரினா கடற்கரையிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நிலைநீச்சல் செய்தார். தரையில் கால் பதியாமல், நீரில் நிமிர்ந்தபடி மிதப்பது நிலைநீச்சல் எனப்படும்.

மறைவு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கி.மீ. அகலமுடையது. தொலைவளவில் இது ஆனந்தன் 1971 இல் நீந்தியதைவிடக் குறைவு. எனினும் பாக்கு நீரிணை வெப்பமண்டலக் கடல். ஆங்கிலக் கால்வாயின் நீரோ கோடையிலும் ஏறத்தாழ 16–18° செல்சியசு அளவே இருக்கும். நீந்துவோர் குளிர்காப்பு உடை அணியவோ துணைப்படகைத் தொடவோ விதிகள் இடந்தருவதில்லை. நீண்ட நேரம் குளிர்நீரில் இருக்கும்போது உடல்வெப்பம் குறைந்து, தசைகள் செயலிழக்கக்கூடும். ஆகவே அங்கு தொலைவை விடக் குளிரே பெரிய தடையாகும்.

இக்கால்வாயைக் கடக்கும் முயற்சியின்போது ஆனந்தன் 1984 ஆகத்து 6 அன்று உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.