துருவப் பனியில் நடந்த நான்சன்

எமது பாடசாலை மாணவர்களுக்குப் பிரித்யொவ் நான்சன் என்னும் பெயர் புதியதன்று. நோர்வேஜியப் பாடசாலையில் அவரைப் பனிச்சறுக்கு வீரராகவும் துருவ ஆய்வாளராகவும் கற்கின்றனர். பெற்றோராகிய எம்மிற் பலர் அவர் பெயரை அறியோம். ஆயினும் அவர் தொடக்கிவைத்த ஒரு காகிதத்தின் வழித்தோன்றலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இந்நாட்டிற் பல ஆண்டுகள் நடமாடினோம். பிள்ளைகள் அறிந்த நான்சனையும் பெற்றோர் அறியாத நான்சனையும் ஒருவராகக் காட்ட இங்கு முயல்கின்றோம்.

நான்சன் 1861 ஒக்டோபர் 10 ஆம் நாள் கிறிஸ்தியானியாவுக்கு அருகே பிறந்தார். ஒஸ்லோவின் அன்றைய பெயர் அது. நோர்வே அப்போது சுவீடன் மன்னரின் கீழ் இணைந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற அவர், 1882 இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் ஆட்டிக் சமுத்திரத்துக்குச் சென்றார். 1888 இல் ஐந்து தோழருடன் கிறீன்லாந்தின் பனிமேட்டைக் குறுக்கே கடந்தார். அவர்களுள் இருவர் சாமி இனத்தவர். அவருக்கு முன் முயன்றோர் மக்கள் வாழ்ந்த மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டுத் திரும்பிவந்தனர். நான்சன் பெரும்பாலும் ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். திரும்பிப் போக இடமில்லாதவனுக்கு முன்னே போவதொன்றே வழி. அகதிகளாகிய எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவரது பெரும் பயணம் ஓர் எளிய சிந்தனையிற் பிறந்தது. 1881 இல் சைபீரியாவுக்கு வடக்கே அமெரிக்கக் கப்பலொன்று பனியில் நெரிந்து மூழ்கியது. மூன்று ஆண்டுகளின் பின் அதன் பொருட்கள் சில கிறீன்லாந்துக் கரையிற் கண்டெடுக்கப்பட்டன. அவ்வாறாயின் துருவக் கடலின் பனி ஓரிடத்தில் நில்லாது நகர்கின்றது என நான்சன் கணித்தார். பனியோடு மோதாமல் அதனுள் உறைந்து அதனுடனேயே மிதந்துசெல்லும் கப்பலொன்றைக் கட்டுவித்தார். பனி நெரிக்கும்போது நொருங்காது மேலெழும்பும் வண்ணம் அடிப்புறம் உருண்டையாக அமைந்த அக்கப்பலின் பெயர் பிராம். அனுபவம் மிக்க துருவப் பயணிகள் சிலர் அது நடவாத காரியம் என்றனர்.

1893 யூன் மாதத்தில் பன்னிரு தோழருடன் புறப்பட்டார். கப்பல் உறைந்தது, நகர்ந்தது, கணிப்புப் பலித்தது. எனினும் அது துருவத்தைத் தொடாது விலகிச் செல்வதைக் கண்டு, 1895 மார்ச்சில் யொகான்சன் என்பவருடன் நாய்வண்டிகளோடு பனியில் இறங்கி நடந்தார். வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்று, அதற்கு அப்பாற் செல்ல முடியாது திரும்பினார். அதுவரை எவரும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. பிரான்சு ஜோசப் தீவுக்கூட்டத்தில் இருவரும் கல்லடுக்கிக் குடில் அமைத்து, கரடி இறைச்சி தின்று மாரி முழுவதையும் கழித்தனர். 1896 யூனில் அங்கே தற்செயலாக எதிர்ப்பட்ட ஜக்சன் என்ற ஆங்கிலேயரின் உதவியாலேயே அவர்கள் ஊர் திரும்பினர்.

அக்காலத்தில் துருவப் பயணமெனின் கொடி நாட்டும் போட்டி எனப் பலர் எண்ணினர். நான்சன் கொண்டுவந்தவை கடலின் ஆழமும் வெப்பநிலையும் பற்றிய அளவீடுகள். அவை எல்லா நாட்டுக்கும் பயன்பட்டன. 1902 இல் பிரித்தானியா, ஜேர்மனி, ரஷ்யா உள்ளிட்ட நாடுகள் கடலாய்வுக்காக ஒரு சர்வதேசப் பேரவையை அமைத்தபோது, அதன் மத்திய ஆய்வுகூடம் கிறிஸ்தியானியாவில் நான்சனின் பொறுப்பில் இயங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அம்மூன்று நாடுகளும் போரில் இறங்கின.

1905 இல் நோர்வே சுவீடனிலிருந்து பிரிந்தபோது நான்சன் அதற்காக உழைத்தார். பின்னர் இலண்டனில் தூதுவராயிருந்தார். பெரிய நாடுகளுக்கிடையே சிறிய நாடொன்று நிற்கும் விதத்தை அங்கே கற்றார் எனலாம். முதலாம் உலகப் போரில் நோர்வேக்கு உணவு தட்டுப்பட்டபோது வாஷிங்டன் சென்று பேசி, 1918 இல் உடன்படிக்கை செய்தார்.

போர் முடிந்தபின் 1920 இல், பல நாடுகளிற் சிக்கியிருந்த போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் பணியைச் சர்வதேச சங்கம் அவரிடம் ஒப்படைத்தது. சோவியத் அரசு அச்சங்கத்தை ஏற்கவில்லை. ஆனால் நான்சனுடன் பேச இசைந்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினர். 1921 இல் ரஷ்யாவைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது நான்சன் கேட்ட கடனை வல்லரசுகள் மறுத்தன. சோவியத் ஆட்சி வலுப்பெறும் என்பது அவற்றின் அச்சம். அவர் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் நிதி திரட்டினார். அது போதவில்லை, இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

குடியுரிமை பறிக்கப்பட்ட ரஷ்ய அகதிகளுக்காக 1922 இல் உருவானதே நான்சன் கடவுச்சீட்டு. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. அது குறையற்றதன்று. வழங்கிய நாட்டுக்குத் திரும்பும் உரிமையைக்கூட முதலில் அது உறுதிசெய்யவில்லை. ஆயினும் பெயரற்றவனுக்கு அது பெயர் தந்தது. ஊரில் ஆசிரியராயிருந்த எமக்கு, இங்கு வந்திறங்கிய அன்று எம் பெயரை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. பின்னர் 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி எமக்குக் கிடைத்த பயணப் பத்திரம் தாய்நாடு ஒழிந்த ஏனைய நாடுகளுக்கெல்லாம் செல்லுபடியானது. தந்தையார் காலமானபோது அதை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தோம்.

1922 இல் நோபல் சமாதானப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆர்மேனிய அகதிகளுக்காக அவர் வகுத்த குடியேற்றத் திட்டமோ நாடுகள் நிதி தராமையால் நிறைவேறவில்லை. நெடுங்காலம் அது அவரை வருத்தியது.

இறுதிக்காலத்தில் மீண்டும் துருவத்தின்பால் திரும்பினார். 1926 இல் சோவியத் அரசு தன் வடகரைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட நிலங்கள் யாவும் தனதே என அறிவித்தது. பிரான்சு ஜோசப் தீவுகளும் அதனுள் அடங்கின. நோர்வே அதை எதிர்த்தது. அந்நாளிலும் நான்சன் வான்கப்பல் மூலம் துருவத்தை ஆராயும் சர்வதேசக் கழகத்தின் தலைவராயிருந்து, ஜேர்மானியரையும் சோவியத் அறிஞரையும் ஒரே மேசையில் அமர்த்தினார். எம் காலத்திலும் 1996 இல் எட்டு நாடுகள் கூடி ஆட்டிக் பேரவையை அமைத்தன. 2022 இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஏனைய ஏழு நாடுகளும் அதன் கூட்டங்களை இடைநிறுத்தின. நான்சனைப் போன்ற ஒருவரை அப்போது எவரும் தேடியதாகத் தெரியவில்லை.

வான்கப்பற் பயணத்துக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1930 மே 13 ஆம் நாள் தமது இல்லத்தில் காலமானார். மறு ஆண்டு யூலையில் கிராவ் செப்பலின் என்ற ஜேர்மன் வான்கப்பல் ஜேர்மானிய, சோவியத், அமெரிக்க, சுவீடிய அறிஞர்களைச் சுமந்து வடக்கே பறந்தது. அவர் கல்லடுக்கி மாரி கழித்த அதே தீவுக்கூட்டத்திற் கடலில் இறங்கி, அங்கே காத்துநின்ற சோவியத் பனியுடைக்கும் கப்பலுடன் தபாற் பைகளை மாற்றிக்கொண்டது.