காத்திருக்கக் கற்றவர்



1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் அலுவலராகப் பணியாற்றியவர். கால்நடைகளையும் பயிரையும் இழந்து மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். எல்லாம் போனபின்னும் கடவுளை விடாத யோபு, அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தார். 1745 மே 14 அன்று, நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-இல் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பெருவிளையில் வேப்பமரத்தோடு விலங்கிட்டு, வெயிலிலும் மழையிலும் பல மாதங்கள் வைத்திருந்தார்கள். விடுதலையா, மரணமா, எந்த நாளில் என்று தெரியாமலே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! அந்த நாள்களை அவர் செபத்தில் கழித்தார். தேடி வந்தவர்களுக்கு ஆறுதலும் சொன்னார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஏரல் தனித்து நின்றபோது, தாமிரபரணி எப்போது வடியும் என்று காத்திருந்த இரவுகளை நாம் மறக்கவில்லை. இன்றும் வேலைக்காக, பிள்ளை வரத்துக்காக, நோய் தீர்வதற்காகக் காத்திருப்போர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

தேவசகாயம் பொறுமையை விலங்கு பூட்டியபின் கற்கவில்லை. பயிர் போன நாளிலேயே கற்கத் தொடங்கினார். சிறிய இழப்பில் பழகிய நம்பிக்கைதான் பெரிய காத்திருப்பில் அவரைத் தாங்கியது. நாமும் இன்றைய சிறு துன்பத்தில் தொடங்குவோம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.