ஜபமாலையால் திபெத்தை அளந்த வாத்தியார்

தம்பி தங்கைகளே, கோலா சுங்கை பாருவில் மாலை நேரத்தில் நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு அட் மேத்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். வெக்டர் பாடம் வந்தாலே பலருக்கு முகம் வாடிப் போகும். இந்த அம்புக்குறியை வைத்து என்ன செய்வது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது நயின் சிங் ராவத்தின் கதையைத்தான்.

நயின் சிங் 1830-இல் இமயமலையின் குமாவோன் பகுதியில், திபெத் எல்லையை ஒட்டிய மிலம் என்ற கிராமத்தில் பிறந்தார். பெரிய வசதி கிடையாது. ஊர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். அந்தக் காலத்தில் வெளியார் திபெத்துக்குள் நுழையத் தடை. லாசா நகரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே வரைபடம் போடுகிறவர்கள் சரியாக அறியவில்லை. இந்திய நில அளவைத் துறையில் இருந்த மாண்ட்கோமரி என்ற ஆங்கில அதிகாரி, மலைவாசிகளையே பயிற்றுவித்து அனுப்பத் திட்டம் போட்டார். 1863-இல் நயின் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

பயிற்சி என்ன தெரியுமா? நடப்பது! ஏற்றமோ இறக்கமோ, ஒவ்வொரு காலடியும் ஏறக்குறைய 31½ அங்குலம் இருக்க வேண்டும். 2,000 காலடி ஒரு மைல். நம் ஜபமாலையில் 108 மணிகள் இல்லையா? அவர் மாலையில் 100 தான். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். பார்ப்பவர்களுக்கு அவர் நாமம் ஜபிக்கும் யாத்திரிகர். குறிப்புத் தாள்கள் கையிலிருந்த பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் இருந்தன. மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

காலடியை மட்டும் எண்ணினால் போதுமா? போதாது. நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் காலை முழுதும் நிரை நிரையாக நடக்கிறார். கடைசியில் கிளம்பிய லயத்து வாசலுக்கே திரும்புகிறார். நடந்த தூரம் பல மைல், ஆனால் இடப்பெயர்ச்சி சுழியம். அதனால்தான் நயின் சிங் திசைகாட்டியையும் மறைத்து எடுத்துப் போனார். தூரமும் திசையும் சேர்ந்தால்தான் வெக்டர்.

கிராஃப் தாளில் போட்டுப் பார்ப்போம். கிழக்கே ஒரு மைல் என்பது ஐ, வடக்கே ஒரு மைல் என்பது ஜே. இவை இரண்டும் அலகு வெக்டர்கள். மாலை ஒரு சுற்று வர ஒருவர் 5 மைல் நடக்கிறார். அது 3ஐ + 4ஜே என்று வைத்துக்கொள்வோம். அந்த அம்பு முடிந்த புள்ளியிலிருந்து அடுத்த நடை 5ஐ + 2ஜே. ஐ-யோடு ஐ, ஜே-யோடு ஜே கூட்டினால் 8ஐ + 6ஜே. நடந்தது சுமார் 10.4 மைல். நேர்க்கோட்டில் பார்த்தால் சரியாக 10 மைல். அந்த 10-ஆல் வகுத்தால் 0.8ஐ + 0.6ஜே. நீளம் 1, திசை மட்டும் மிஞ்சும். போன திசைக்கான அலகு வெக்டர் அதுதான்.

ஒரு நடையில் திசை பிசகினால் அதற்குப் பின் வரும் எல்லாப் புள்ளிகளும் இடம் மாறும். அதனால் இரவில் நட்சத்திரங்களை அளந்து தன் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டார்.

1865-இல் புறப்பட்டவர் காட்மாண்டு வழியாக 1866 ஜனவரியில் லாசா சேர்ந்தார். கைச்செலவுக்கு அங்கிருந்த நேப்பாள வியாபாரிகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாராம். அங்கேயும் வாத்தியார் வேலைதான்! திரும்பும்போது பிரம்மபுத்திராவை ஒட்டி மானசரோவர் வரை நடந்தார். மொத்தம் சுமார் 1,200 மைல், ஏறத்தாழ 25 இலட்சம் காலடி. அவர் கண்ட லாசாவின் அட்சரேகை இன்றைய அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

பயணக் காலத்தில் அவர் பெயர் வெளியே தெரியாது. பண்டிட் என்பதே அடையாளம். வேலை வெள்ளைக்காரனுக்கு, உயிர்ப்பயம் இவருக்கு. 1877-இல்தான் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 2004-இல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இந்த வாரம் நீங்களும் செய்து பாருங்கள். வீட்டிலிருந்து கோயிலுக்குக் காலடி எண்ணி நடங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் திசையைக் குறியுங்கள். கிராஃப் தாளில் அம்புகளை ஒன்றன் முனையில் ஒன்றாக வரையுங்கள். கடைசி அம்பின் முனை கோயில் வாசலில் போய் நின்றால், வெக்டர் கூட்டல் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.