ரயத்துகளுக்காகப் பேசிய வியாபாரி: காஜுலு லட்சுமிநரசு செட்டி

நம் ஃபிளாட்டுகளின் தாய்ப்பத்திரத்தை வங்கிக் கடனுக்காகவாவது ஒரு முறை புரட்டியிருப்பீர்கள். நான்கைந்து கை பின்னால் போனால் பல மனைகள் ‘நஞ்சை’ என்று வந்து நிற்கும். செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னைக்குக் குடிநீர். அன்று செங்கல்பட்டு ஜில்லா வயல்களுக்குப் பாசனம். அந்த வயல்களை உழுதவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி கட்டினார்கள். கட்ட முடியாத வருடத்தில் மெட்ராஸ் ராஜதானியின் விவசாயிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை லண்டன் பார்லிமெண்ட் வரை கொண்டுபோனவர் ஒரு சென்னை வியாபாரி. இந்த இதழில் அவரைப் பற்றி.

காஜுலு லட்சுமிநரசு செட்டி 1806-இல் சென்னையில் தெலுங்கு பேசும் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சித்துலு செட்டி அவுரி வியாபாரி. துணிக்கு நீலச் சாயம் தரும் அவுரிக்கு அன்று வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. அடிப்படைப் படிப்பு முடிந்ததும் மகனும் வியாபாரத்தில் இறங்கினார், நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்த பணத்தை அவர் போட்ட இடம்தான் வேறு. 1844-இல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். சென்னையில் இந்தியர் ஒருவர் சொந்தமாக நடத்திய முதல் ஆங்கிலப் பத்திரிகை அதுதான். எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்துக்கொண்டார். பத்திரிகை வரப்போகிறது என்ற விளம்பரத்தைக்கூட அரசாங்க கெஜட்டில் போட மறுத்துவிட்டார்கள்.

பாடத்திட்டத்தில் பைபிளைச் சேர்க்கும் முயற்சியை எதிர்த்து ஊரைத் திரட்டியவர் இவர். மதம் மாறியவருக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1850-இல் வந்த சட்டத்தையும் எதிர்த்தார். இந்தக் கடைசி விஷயத்தில் இன்று அவரோடு ஒத்துப்போவது கடினம். ஆனால் கையெழுத்து வாங்குவது, கூட்டம் போடுவது, மனுவை லண்டனுக்கு அனுப்புவது என்ற வித்தையெல்லாம் அவருக்குக் கைவந்தது இந்தப் போராட்டங்களில்தான். 1852-இல் ‘மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அந்த ஆண்டின் கடைசியிலேயே பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட மனு போனது. வரிச்சுமை, கோர்ட்டுகளில் தாமதம், சாலை, பாலம், பாசன வேலைகளுக்குப் போதிய பணம் ஒதுக்காதது, பள்ளிக்கூடம் இல்லாதது என்று பட்டியல் நீண்டது. நம் சங்கம் பஞ்சாயத்துக்கு எழுதும் கடிதங்களுக்கு இது கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

மனுவின் மையம் நிலவரிதான். மெட்ராஸ் ராஜதானியின் பெரும்பகுதியில் அப்போது ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் கிடையாது, உழுபவரிடமே சர்க்கார் நேராக வரி வாங்கும். காகிதத்தில் நல்ல முறைதான். ஆனால் ஒரு ஜில்லாவுக்கு ஒரு கலெக்டர், அவருக்கு உதவியாக ஒரு சில வெள்ளைக்காரர்கள். கீழே தாசில்தார் முதல் சேவகன் வரை வரி வசூலிப்பவரும் அவரே, போலீசும் அவரே. கிஸ்தி கட்டாதவரைப் பிடிப்பதும் அவர்தான், புகாரை விசாரிப்பதும் அவர்தான். பிறகு புகார் எங்கே போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்க லட்சுமிநரசுவுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஹென்றி டான்பி சீமர், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் நிலபுலன் உள்ள குடும்பம், ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், 1850 முதல் பூல் தொகுதியின் எம்.பி. இந்திய நிர்வாகத்தைச் சீர்திருத்த லண்டனில் கூடிய குழுவிலும் இருந்தார். அவரே நிலச்சுவான்தார், குத்தகைக்காரர்களிடம் வாரம் வாங்கும் வர்க்கம். அப்படிப்பட்டவர் 1853-இல் சென்னைக்கு வந்து, லட்சுமிநரசுவோடு ஜில்லாக்களைச் சுற்றி, ரயத்துகளிடம் வரி எப்படி வசூலாகிறது என்று கேட்டறிந்தார். அந்தப் பயணத்தில் இவர்தான் அவருக்கு வழிகாட்டி.

கிடைத்த பதில் இரண்டு தமிழ்ச் சொற்களில் அடங்கியது. ஒன்று கிட்டி: ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்திவைப்பது, சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவது. இந்த இரண்டு சொற்களும் எழுத்துப் பிசகோடு ஆங்கில அரசாங்க அறிக்கையிலேயே ஏறின.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் மெட்ராஸ் நிலவரி பற்றிய விவாதத்தில் சீமர் இதைப் பேசினார். கம்பெனி தரப்பு உறுப்பினர்கள் மறுத்தார்கள். மறுப்பே வழியைத் திறந்தது: உண்மையா பொய்யா என்று பார்க்க அதே ஆண்டு சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கமிஷன் உட்கார்ந்தது. புகார் சொல்லக் கொடுத்த அவகாசம் குறைவு. அப்படியும் தொலைதூர ஊர்களிலிருந்து ஜனங்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். பேருந்து கிடையாது, ரயில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்து, சேவகன் தன்னை என்ன செய்தான் என்று வெள்ளைக்காரத் துரைகள் முன்னால் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஊருக்குத் திரும்பினால் அதே சேவகன் அங்கேயே இருப்பான்.

1855-இல் வந்த அறிக்கை, வரி வசூலுக்காகச் சித்திரவதை பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று அவர்களைக் கைகழுவியும் விட்டது. என்னைக் கேட்டால், வசூல் குறையக்கூடாது என்று மேலிருந்து நெருக்கியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. இரண்டு ஆண்டு கழித்து கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்தே எழுதினார். இங்கே அதன் நேரடிப் பலன், வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்தது. 1859-இல் மெட்ராஸ் ராஜதானிக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. இன்று தாலுகா ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் தனித்தனியாக இருப்பதற்கு வேர் அங்கேதான்.

லட்சுமிநரசு அதோடு நிற்கவில்லை. 1855-இல், கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்து நேரடியாக அரசியே ஏற்க வேண்டும் என்று 14,000 பேர் கையெழுத்திட்ட இன்னொரு மனு பார்லிமெண்டுக்குப் போனது. (நம் பொதுக்குழுவுக்கு கோரம் சேர்க்கப் படும் பாடு செயலாளருக்குத்தான் தெரியும்.) 1858-இல் ஆட்சி மாறியதற்கு முந்தைய ஆண்டின் கிளர்ச்சிதான் காரணம், மனு அல்ல. ஆனால் கேட்டவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள்.

முன்பு சந்தேகக் கண்ணோடு பார்த்த அரசாங்கம் பின்னாளில் அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் தந்தது. 1863-இல் மெட்ராஸ் சட்டசபைக்கு நியமித்தது. இதற்குள் கைப்பணமெல்லாம் பத்திரிகைக்கும், மனுக்களுக்கும், சங்கத்துக்கும் போயிருந்தது. 1868-இல் ஏழையாகவே இறந்தார். அவர் போனபின் சங்கமும் சுணங்கியது. சென்னையில் அப்படி ஒரு அமைப்பு திரும்ப எழ 1884-இல் மகாஜன சபை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.