இசைக்குறி அறியாத இசைவாணர்

மெக்சிகோ நாட்டின் நடுப்பகுதியில், குவானஹுவாத்தோ மாநிலத்தில் அமைந்துள்ளது தொலோரெஸ் இதால்கோ என்னும் ஊர். 1810-ஆம் ஆண்டு பாதிரியார் மிகெல் இதால்கோ ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களை எழுப்பியது இவ்வூரில்தான். விடுதலைப் போரால் பெயர்பெற்ற அவ்வூருக்கு இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பெருமையும் சேர்ந்தது. அதனைத் தேடித் தந்தவர் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ் என்னும் பாடலாசிரியர். இசையை முறையாகக் கற்காமலும் கருவி எதனையும் மீட்டத் தெரியாமலும் ஒரு நாட்டையே பாடவைத்த அவரது வாழ்வு, இலக்கியம் பயிலும் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவதாகும்.

1926 சனவரி 19-இல் பிறந்த ஹிமெனெஸின் தந்தையார் மருந்துக்கடை நடத்தி வந்தவர். மகனுக்குப் பத்து வயதாகும்போது, 1936-இல், அவர் காலமானார். குடும்பம் நிலைகுலைந்தது, சிறுவர் தலைநகராகிய மெக்சிகோ நகரை அடைந்தார். அங்கே கால்பந்து ஆட்டத்தில் நாட்டம் கொண்டு, ஒவியெதோ, மார்த்தெ ஆகிய அணிகளில் இலக்குக் காவலராக ஆடினார். வயிற்றுப்பாட்டிற்கு உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணி. அவ்விடுதி உரிமையாளரின் மகன் வைத்திருந்த சிறு இசைக்குழுவே இவருக்கு முதல் மேடையாயிற்று. 1948-இல் வானொலியில் பாடினார். 1950-இல் ஆந்திரெஸ் உயெஸ்கா குழுவினர் இவர் இயற்றிய 'யோ' என்னும் பாடலை இசைத்தட்டில் பதிவு செய்தனர். அதன்பின் தட்டு ஏந்தும் தேவை அவருக்கு ஏற்படவில்லை.

அவர் பாடல் இயற்றிய முறை நம் சிந்தனைக்குரியது. இசைக்குறி எழுத அறியார். இன்ன சுருதி, இன்ன தாளம் எனப் பெயர் சொல்லவும் அறியார். மனத்தில் தோன்றிய மெட்டைச் சீழ்க்கை அடித்தோ வாய்விட்டுப் பாடியோ காட்டுவார். வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமாகிய ரூபென் ஃபுயெந்தெஸ் அதனைக் குறியீடுகளில் எழுதி, மரியாச்சிக் குழுவின் வயலினுக்கும் எக்காளத்திற்கும் கித்தாருக்கும் உரியவாறு அமைப்பார். கல்லாத பாவலருக்குக் கற்ற கலைஞர் துணைநின்ற இவ்விணைப்பு இல்லையேல், அம்மெட்டுகள் பல காற்றோடு போயிருக்கும். ஹிமெனெஸைப் போற்றுவோர் ஃபுயெந்தெஸை மறந்துவிடுவது முறையன்று என்பது நம் கருத்து.

அவர் கையாண்டது 'ராஞ்செரா' என்னும் நாட்டுப்புறப் பாடல் வகை. பண்ணைகளில் பிறந்து நகரங்களில் பரவிய அவ்வகைக்குக் காதல் முறிவும் தனிமையும் தன்மானமும் பாடுபொருள்கள். அரிய சொல் ஒன்றையும் அவர் தேடிச் செல்லவில்லை. சந்தையிலும் தெருவிலும் வழங்கும் சொற்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. 'எல் கபாயோ பிளாங்கோ' என்னும் பாடல் நெடுந்தொலைவு ஓடிக் களைக்கும் வெண்குதிரையைப் பற்றியது. உண்மையில் அக்குதிரை, இசைப் பயணத்தில் அவரைச் சுமந்து சென்ற வெண்ணிறக் கார் என்பர்! சொந்த மாநிலத்தின் ஊர்களைப் பெயர் கூறிப் பாடும் 'கமினோஸ் தெ குவானஹுவாத்தோ'வில், தம் உடன்பிறந்தவர் உயிர்நீத்த சலமான்கா நகரை மட்டும் விலகிச் செல்ல விழைகிறார். ஊர்ப்பெருமை பாடவந்த பாட்டு அவ்விடத்தில் கையறுநிலையாக மாறிவிடுகிறது. ஹோர்ஹே நெக்ரெத்தே, பெத்ரோ இன்ஃபாந்தே, லோலா பெல்த்ரான் முதலிய முன்னணிப் பாடகர்கள் அவர் பாடல்களைப் பாடினர். அவரும் பாடினார், திரைப்படங்களிலும் தோன்றினார்.

இனி வருத்தத்திற்குரிய பகுதி. அவர் பாடல்களில் மதுக்கடை அடிக்கடி வரும். அவர் வாழ்விலும் வந்தது. மதுவை அறவே விலக்கிய நெறியில் வாழும் நாம் இதனை மறைத்து அவரைப் புகழ்தல் பொருந்தாது. இதனையே காரணமாக்கி அவர் பாட்டைத் தள்ளுதலும் பொருந்தாது. குடியின் துயரை அவர் அறியாமற் பாடவில்லை, அறிந்தும் மீளவில்லை. கல்லீரல் நோய் முற்றி, 1973 நவம்பர் 23-இல், நாற்பத்தேழாம் அகவையில் மறைந்தார். அவ்வாண்டிலேயே, நன்றி எனப் பொருள்படும் 'கிராசியாஸ்' என்னும் பாடலைத் தொலைக்காட்சியில் பாடித் தம்மை வாழவைத்த மக்களிடம் விடைபெற்றிருந்தார்.

உடல் பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அகன்ற மெக்சிகோத் தொப்பியும் அதன் கீழ் நீண்டு விரியும் வண்ணப் போர்வையுமாக அமைந்த கல்லறையை, அவருடைய மருமகனாரான கட்டடக் கலைஞர் ஹவியேர் செனோசியாயின் வடிவமைத்தார். போர்வையின் பட்டைகளில் பாடல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அவரோடு அமர்ந்து குடித்தவர்களுள் சவேலா வார்காஸ் என்னும் பாடகியும் ஒருவர். குடியால் மேடையை இழந்து, பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அவ்வம்மையார், குடியை விட்டொழித்து 1990-களில் மீண்டும் பாட வந்தார். 2012-இல் தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறையும் வரை, ஸ்பெயின் முதலிய நாடுகளின் அரங்குகளில் அவர் பாடியவற்றுள் ஹிமெனெஸின் பாடல்களுக்குத் தனியிடம் இருந்தது.